'லூஸ் லிப்ஸ்' போஸ்டர் வாங்கறவங்க கீழ இருக்கற குட்டி எழுத்தையும் பாத்துட்டு வாங்குங்க

"லூஸ் லிப்ஸ் சிங்க் ஷிப்ஸ்" பேப்பர் போஸ்டர், அதே டிசைன்ல தகர போர்டு, அதே டிசைன்ல காபி மக், மூணையும் வாங்கிப் பாத்தாச்சு, அதனால மூணுக்கும் சேத்தே எழுதிடறேன். அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், பேப்பர் போஸ்டர் சுமார், தகர போர்டு வேண்டாம், மக் பக்கமே போகாதீங்க. இதை விட நல்லதா, கிட்டத்தட்ட ஓசியிலயே கிடைக்கற ஒரு வழி இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக, உளறற வாய் கப்பலை மூழ்கடிக்கும்ங்கறது தான் அந்த வரிக்கு அர்த்தம், இது ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்காவுல ஒட்டின போஸ்டர். கப்பல் எப்ப கிளம்புது, எந்தப் பக்கம் போகுது, யார் யார் ஏறிப் போறாங்கன்னு கண்ட இடத்துல உளறி வைக்காதீங்க, அது கை மாறி காது மாறி எதிரி கிட்ட போயிட்டா நடுக்கடல்ல நீர்மூழ்கிக் கப்பல் காத்துக்கிட்டு நிக்கும், அவ்வளவு தான் சங்கதி. இன்னைக்கு கப்பலும் இல்ல போரும் இல்ல, ஆனா ஆபீஸ்ல அறிவிக்காத ரிலீஸ் தேதியை லிஃப்ட்ல சத்தமா பேசறவன்ல இருந்து, பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே ஊர் பூரா ஃபோன் போடற சொந்தக்காரங்க வரைக்கும் எல்லாருக்கும் இங்கிலீஷ்ல இந்த ஒரே வரியைத் தான் தூக்கி போடறாங்க.

நான் வாங்கினது ஒரு ஆன்லைன் கடையில, பேர் வேண்டாம். பக்கத்துல போட்டிருந்த விவரம் என்னன்னா "பழைய பிரிட்டிஷ் போஸ்டர், சர்ச்சில் சொன்ன வாசகம்". ரெண்டும் தப்பு. பிரிட்டிஷ்காரன் வாசகம் வேற, "கேர்லெஸ் டாக் காஸ்ட்ஸ் லைவ்ஸ்", கவனமில்லாத பேச்சு உயிரை வாங்கும்னு, அதுக்கு அப்புறம் வரேன். இது சுத்தமான அமெரிக்கச் சரக்கு. சரக்குன்னு தெரிஞ்சே தான் சொல்றேன், ஏன்னா இதை அச்சடிச்சது சீகிராம், ஆமாங்க, விஸ்கி கம்பெனி சீகிராமே தான்.

இங்க தான் எனக்கு வந்த பிரிண்ட் மேல முதல் கோபம். ஒரிஜினல்ல இருக்கறது "லூஸ் லிப்ஸ் மைட் சிங்க் ஷிப்ஸ்". நடுவுல ஒரு 'மைட்' இருக்கு. மூழ்கினாலும் மூழ்கலாம்னு தான் சொன்னான், மூழ்கியே தீரும்னு சொல்லல. ஜனங்க வாயில புழங்கிப் புழங்கி அந்த வார்த்தை உதிர்ந்து போச்சு, அது பேச்சுல சரி, ஆனா "ஒரிஜினலின் அச்சு அசல் நகல்"னு போட்டு விக்கறவன் அதை எடுத்துட்டு மிச்ச வார்த்தைகளை இழுத்து நடுவுல வச்சா அது நகலா? கடைக்காரருக்கு மெசேஜ் போட்டு கேட்டேன், கஸ்டமர்ஸ் அப்படித் தான் சார் தேடறாங்கன்னு பதில் வந்துச்சு. நியாயமான வியாபாரப் பதில் தான், ஆனா அப்ப அச்சு அசல்னு போடாதீங்க.

ரெண்டாவது கோபம் கீழ் வரி. ஒரிஜினல்ல அடியில குட்டி எழுத்துல, தேசத்தோட வெற்றிக்கான முயற்சியில எங்க பங்கா சீகிராம் நிறுவனம் இந்த போஸ்டரை வெளியிடுதுங்கற மாதிரி ஒரு வரி இருக்கும். எனக்கு வந்ததுல அந்த இடம் வெறும் பட்டையா இருக்கு, கம்ப்யூட்டர்ல அழிச்ச தடம் கூட தெரியுது, அந்த ஒரு இடத்துல மட்டும் பேப்பரோட அந்த சொரசொர டெக்ஸ்சர் காணோம், வழவழன்னு இருக்கு. வரைஞ்சவர் கையெழுத்து 'எஸ்ஸார்ஜீ'ன்னு இருக்கணும், சீமோர் ஆர் காஃப்ங்கறவர் தன்னோட எஸ், ஆர், ஜி மூணு இனிஷியலையும் உச்சரிக்கற மாதிரியே எழுதி அதையே புனைபேரா வச்சிக்கிட்டார். அந்தக் கையெழுத்தும் என் பிரிண்ட்ல பாதி வெட்டுப்பட்டிருக்கு, 'எஸ்ஸார்' வரைக்கும் தான் தெரியுது.

அந்த அடி வரி ஏன் முக்கியம்னு கேப்பீங்க. கதையே அங்க தான் இருக்கு. சாராயக் கம்பெனிக்கு என்ன தலையெழுத்து வாயைக் கட்டுங்கன்னு போஸ்டர் அடிக்கணும்னு? யோசிச்சுப் பாருங்க, கப்பல்காரனும் பட்டாளத்துக்காரனும் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி எங்க போய் வாயைத் திறப்பான்? பார்ல தான். அந்த பார் சுவத்துல ஒட்டறதுக்காகத் தான் சீகிராம் இந்த வரிசையையே அடிச்சாங்க. இதே ஆளு வரைஞ்ச இன்னொண்ணு கூட இருக்கு, பேச்சு சுதந்திரம்னா கவனமில்லாம பேசறதுன்னு அர்த்தம் இல்லன்னு. அமெரிக்காவுல மதுவிலக்கு 1920ல வந்து 1933ல தான் போச்சு, அதாவது போர் வந்தப்ப சாராயம் மறுபடி சட்டப்படி விக்க ஆரம்பிச்சு பத்து வருஷம் கூட ஆகல. மறுபடியும் கடையை மூடுங்கன்னு எவனாவது கிளம்பிடுவானோன்னு அந்தத் தொழில்ல இருந்தவங்களுக்கு ஒரு பயம் இருக்காதா, அப்ப நாங்களும் தேசபக்தர் தான்னு காட்டிக்கறதுக்கு இதை விட மலிவான விளம்பரம் ஏது. அதுலயும் 1942 கடைசியில இருந்து அரசாங்க உத்தரவுப்படி டிஸ்டில்லரி எல்லாம் குடிக்கற விஸ்கியை நிறுத்திட்டு வெடிமருந்துக்கும் செயற்கை ரப்பருக்கும் வேணுங்கற ஆல்கஹால் தான் காய்ச்சினாங்க. விக்கறதுக்குப் புதுச் சரக்கு காய்ச்ச முடியாத நேரத்துல பேரு மட்டும் பார் சுவத்துல நிக்கணும்ல. இது என்னோட கணிப்பு தான், ஆனா அடி வரியை அழிச்சிட்டா இந்தக் கணிப்புக்கே வழியில்லாம போயிடுது பாருங்க, ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி ஆயிடுது.

சரி பிரிண்டுக்கு வரேன். 18க்கு 24 இன்ச், மேட் ஃபினிஷ், அட்டைக் குழாய்ல சுருட்டி வந்துச்சு. பேப்பர் கனம் பரவால்ல, தடவிப் பாத்தா கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு ஒரு படி கீழ. பிரிச்ச உடனே திரும்ப சுருண்டுக்கும், வெறுமனே எதிர்ப்பக்கம் சுருட்டாதீங்க, மடிப்பு விழுந்துடும், தரையில விரிச்சு மேல ஒரு வெள்ளை பேப்பர் போட்டு கனமான புஸ்தகங்களை அடுக்கி ரெண்டு நாள் விட்டா படிஞ்சிடும். தூரத்துல நின்னு பாத்தா நல்லாத் தான் இருக்கு, கப்பல் ஒரு பக்கமா சாய்ஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டிருக்கு, நெருப்பு, புகை, எல்லாம் கண்ணைப் பிடிக்குது. கிட்ட போனா தான் குட்டு வெளிப்படுது. புகை இருக்கற இடத்துல கறுப்பு படிப்படியா மாறாம பட்டை பட்டையா நிக்குது, எழுத்து ஓரத்துல எல்லாம் பல் பல்லா தெரியுது, சின்ன ஃபைலை இழுத்துப் பெருசாக்கினா வருமே அதே தான். 22 டாலர் கொடுத்ததுக்கு இது அதிகம். ஃபிரேம் போடப் போனா ஃபிரேம் விலை போஸ்டர் விலையை விட ரெண்டு மடங்கு, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஃபிரேம் கடை எப்பவுமே அப்படித் தான்.

இப்ப போஸ்டர் சொல்ற விஷயத்துக்கே வருவோம், ஏன்னா சுவத்துல மாட்டிட்டு தினம் பாக்கும்போது ஒரு கேள்வி வந்துக்கிட்டே இருந்துச்சு, நிஜமாவே பார்ல உளறினதால தான் கப்பல் மூழ்கிச்சா?

நான் இருக்கறது நியூஜெர்சி. இங்க இருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா பீச், கோடையில நம்ம ஆளுங்க புளியோதரை கட்டிக்கிட்டு குடை பிடிச்சு உக்காந்திருக்கற அதே கரைக்கு எதிர்ல தான் 1942ல கப்பல் கப்பலா எரிஞ்சிருக்கு. அந்த வருஷம் ஜனவரியில யூ-போட்டுன்னு சொல்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுங்க அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்துச்சு. பிப்ரவரி கடைசியில ஆர். பி. ரீசர்னு ஒரு எண்ணெய்க் கப்பலை மனாஸ்குவான் பக்கத்துல அடிச்சாங்க, ஐம்பது பேர் கிட்ட இருந்த கப்பல்ல ரெண்டே பேர் தான் உயிரோட வந்தாங்க, கரையில நின்ன ஜனங்க நெருப்பை வேடிக்கை பாத்திருக்காங்க. ஏப்ரல் 10ம் தேதி ராத்திரி ஃபுளோரிடாவுல ஜாக்சன்வில் பீச்சுக்கு எதிர்ல கல்ஃப்அமெரிக்கான்னு ஒரு புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அதோட முதல் பயணமே அது தான், ஹார்டேகன்ங்கற கேப்டனோட யூ-123 அடிச்சு 19 பேர் செத்தாங்க. அந்த ராத்திரி கரையில ஹோட்டல், கடை, விளையாட்டுப் பூங்கான்னு எல்லா லைட்டும் எரிஞ்சிட்டிருந்துச்சு. கடல்ல இருந்து பாக்கறவனுக்கு அந்த வெளிச்சத்துக்கு முன்னாடி கப்பல் கறுப்பு நிழலா, சினிமா ஸ்கிரீன்ல தெரியற மாதிரி பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அடுத்த நாளே ஃபுளோரிடா கவர்னர் கரையோர லைட்டை எல்லாம் அணைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடி வரைக்கும் ஏன் அணைக்கலன்னா, லைட்டை அணைச்சா டூரிஸ்ட் சீசன் படுத்துடும்னு கடைக்காரங்க முணுமுணுப்பு.

அதோட கப்பலுங்களைக் கூட்டமா சேத்து, காவலுக்குப் போர்க்கப்பலோட அனுப்பற ஏற்பாடும் இல்ல. பிரிட்டிஷ்காரன் தலையால தண்ணி குடிச்சு சொல்லியும் அமெரிக்கக் கடற்படைத் தலைவரா இருந்த அட்மிரல் எர்னஸ்ட் கிங் காலத்துல மே மாசம் வரைக்கும் இந்தக் கரையில அது ஒழுங்கா ஆரம்பிக்கல. ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த எட்டு மாசத்துல அமெரிக்கக் கரையில இருந்து கரீபியன் வரைக்கும் மூழ்கிப் போன கப்பல் 600க்கும் மேல. ஜெர்மன்காரன் அதுக்கு வச்ச பேரே சந்தோஷ காலம், அதுவும் ரெண்டாவது சந்தோஷ காலம். இதுல பார்ல உக்காந்து உளறினவன் பங்கு எவ்வளவு இருக்கும் சொல்லுங்க? லைட்டை அணைடான்னு ஒரு போஸ்டர் முதல்லயே அடிச்சிருக்கலாம்.

உளவாளியே இல்லன்னு சொல்ல வரல. டூகேன்ங்கறவன் தலைமையில ஒரு பெரிய ஜெர்மன் உளவுக் கூட்டம் நியூயார்க்ல இருந்துச்சு, கப்பல் போக்குவரத்தை எல்லாம் நோட்டம் விட்டு அனுப்பிட்டிருந்தாங்க. ஆனா அந்த 33 பேரையும் எஃப்பிஐ வளைச்சிடுச்சு, கைது பண்ணது 1941 ஜூன்ல, அமெரிக்கா போருக்குள்ள வர்றதுக்கே அப்ப ஆறு மாசம் இருந்துச்சு. வில்லியம் சீபோல்ட்ங்கற ஆளை ரெட்டை ஏஜெண்டா வச்சு, டைம்ஸ் ஸ்கொயர்ல அவனுக்கு ஒரு ஆபீஸ் போட்டுக் கொடுத்து, கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா வச்சு வந்தவன் போனவன் எல்லாரையும் படம் பிடிச்சிருக்காங்க. தனிப் படமே எடுக்கலாம், அவ்வளவு சுவாரசியம்.

சரி, அப்ப வாயை விட்டதே யாரும் இல்லையா? இருக்காங்க, ரொம்பப் பெரிய இடத்துல இருக்காங்க. ஆண்ட்ரூ மேன்னு கென்டக்கி எம்பி, அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸ்ல ராணுவ விவகாரக் கமிட்டிக்கே தலைவர். 1943ல பசிபிக் போர்முனைக்குப் போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்து ஜூன்ல பத்திரிகைக்காரங்களைக் கூட்டி வச்சு என்ன சொன்னார்னா, நம்ம நீர்மூழ்கிங்க தப்பிச்சு வர்றதுக்குக் காரணமே ஜப்பான்காரன் நீர்மூழ்கியை அடிக்கத் தண்ணிக்குள்ள போடற டெப்த் சார்ஜ் குண்டு ரொம்ப மேலயே வெடிச்சிடறது தான்னு. ஏங்க, உங்க குண்டு ஆழம் பத்தலன்னு எதிரிக்கு இலவசமா டியூஷன் எடுத்திருக்கார் மனுஷன்! செய்தி பல பேப்பர்ல வந்துச்சு. பசிபிக் நீர்மூழ்கிப் படைக்குத் தலைவரா இருந்த லாக்வுட் கொதிச்சுப் போயிட்டார், இந்த ஒரு பேச்சால 10 நீர்மூழ்கியும் 800 பேரும் போச்சுன்னு அவர் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே ஒத்துக்காத வரலாற்றுக்காரங்களும் உண்டு, ஜப்பான்காரன் இதைப் படிச்சுத் தான் மாத்தினானாங்கறதுக்கு நேரடி ஆதாரம் வேணும்ல. ஆனா பேசினது பேசினது தான். அதுக்காக அவருக்கு ஒரு தண்டனையும் இல்ல. போர் முடிஞ்சப்புறம் ஆயுத கான்ட்ராக்ட்ல லஞ்சம் வாங்கின கேஸ்ல தான் உள்ள போனார், ஒன்பது மாசம் இருந்தார், 1952ல ஜனாதிபதி ட்ரூமன் மன்னிப்பும் கொடுத்துட்டார்.

இன்னொண்ணு சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை. பசிபிக்ல ஜப்பானோட நடந்த மிட்வே கடற்சண்டை முடிஞ்ச சூட்டோட 1942 ஜூன் 7ம் தேதி, ஜப்பான் கப்பற்படை எந்தத் திட்டத்தோட, எந்தெந்தக் கப்பலோட வந்துச்சுங்கறது நம்ம நேவிக்கு முன்னாடியே தெரியும்னு முதல் பக்கத்துல போட்டுட்டாங்க. ஸ்டான்லி ஜான்ஸ்டன்ங்கற நிருபர் கப்பல்ல வந்துட்டிருந்தப்ப ரகசியத் தகவலைப் பாத்திருக்கார். முன்னாடியே எப்படித் தெரியும்? ஜப்பானோட ரகசியக் குறியீட்டை உடைச்சதால தான். அதை எதிரி மோப்பம் பிடிச்சிருந்தா குறியீட்டை மாத்திட்டு மொத்த விளையாட்டையும் கலைச்சிருப்பான். அரசாங்கம் கேஸ் போடறதுக்கு கிராண்ட் ஜூரி வரைக்கும், அதாவது கேஸ் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற ஜூரி வரைக்கும் போச்சு, ஆனா என்ன ரகசியம் வெளிய போச்சுன்னு ஜூரிகிட்ட விளக்கினா அந்த ரகசியமே இன்னும் வெளிய போகும், அதனால நேவி வாயைத் திறக்கல, கேஸ் நிக்கல. நல்ல வேளை ஜப்பான்காரன் அந்தப் பேப்பரைக் கவனிச்ச மாதிரி தெரியல.

அதனால தான் இந்த போஸ்டர் மேல எனக்கு ஒரு செல்லக் கோபம். பாருக்கு வந்த இருபது வயசுப் பையன் தலையில மொத்த பழியையும் தூக்கி வைக்குது. வாயால கப்பலை ஆபத்துல மாட்டி விட்டவன் கோட்டு போட்டு மைக் முன்னாடி நின்னிருக்கான், லைட்டை அணைக்காதவன் ஹோட்டல் நடத்தியிருக்கான். அரசாங்கத்துக்கு உளவாளிய விட வதந்தி மேல தான் பயம் அதிகம்னும் சொல்லுவாங்க. கரைக்கு எதிர்லயே கப்பல் எரியறதை ஜனங்க பாத்துட்டாங்க, அது ஊர் பேச்சாகி எல்லாருக்கும் நடுக்கம் எடுத்துடக் கூடாது, அதுக்கும் சேத்துத் தான் இந்த வாய்ப்பூட்டு.

நான் வாங்கின பேக்ல இந்த ஒண்ணு மட்டும் இல்ல, சின்ன சைஸ்ல இன்னும் சில போஸ்டர் சேத்து வந்துச்சு. அதுல உசத்தி பிரிட்டிஷ்காரர் ஃபூகாஸ் வரைஞ்சது தான். நிஜப் பேர் சிரில் கென்னத் பேர்ட், பஞ்ச் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட், முதல் உலகப் போர்ல கலிப்போலியில அடிபட்டவர். 1940ல "கேர்லெஸ் டாக் காஸ்ட்ஸ் லைவ்ஸ்" வரிசை எட்டையும் காசு வாங்காமலே வரைஞ்சு கொடுத்திருக்கார். பஸ்ல ரெண்டு அம்மா உக்காந்து ஊர்வம்பு பேசறாங்க, பின் சீட்ல ஹிட்லரும் கோரிங்கும் தேமேன்னு உக்காந்து கேட்டுட்டிருக்காங்க. இன்னொண்ணுல சுவர் பேப்பர் டிசைன் பூராவும் ஹிட்லர் மூஞ்சி. பயமுறுத்தாம சிரிக்க வச்சு சொன்னதால ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, எனக்கும் தான், சீகிராம் கப்பலை விட எங்க வீட்டுல இது தான் ஹிட். கோடு சிம்பிளா இருக்கறதால பிரிண்டும் கெடல.

"கீப் மம், ஷீ இஸ் நாட் ஸோ டம்" கூட இருக்கு, வாயை மூடு, அவ ஒண்ணும் முட்டாள் இல்லன்னு அர்த்தம், அழகான பொண்ணு சோபாவுல சாஞ்சிருக்க சுத்தி ஆபீசருங்க வாயைப் பொளந்து பேசிட்டு நிக்கறாங்க, ஹெரால்ட் ஃபார்ஸ்டர் வரைஞ்சது. பொம்பளைங்கன்னாலே உளவு இல்லன்னா வம்புங்கற அந்தப் பார்வை இன்னைக்கு மாட்ட சங்கடமா இருக்கு, அன்னைக்கே இந்த மாதிரி 'கீப் மம்' வாசகத்தை எதிர்த்து எடித் சம்மர்ஸ்கில்ங்கற பெண் எம்பி பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல சண்டை போட்டிருக்காங்க. எங்க வீட்டுல அது பரண்ல இருக்கு. அமெரிக்கன் வரிசையில "சம்ஒன் டாக்ட்", ஃபிரெடரிக் சீபல் 1942ல வரைஞ்சது, மூழ்கிட்டிருக்கறவன் கையை நீட்டி நேரா நம்மளையே காட்டறான். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தா பகீர்னு இருக்கும், படுக்கை ரூம் பக்கம் மாட்டாதீங்க.

சம்பந்தமே இல்லாம "கீப் காம் அண்ட் கேரி ஆன்" ஒண்ணும் பேக்ல திணிச்சிருக்காங்க. அது 1939ல லட்சக்கணக்குல அச்சடிச்சும் போர்க்காலத்துல பெருசா ஒட்டாமலே விட்ட போஸ்டர், 2000ல இங்கிலாந்துல ஆல்னிக் ஊர் பார்ட்டர் புக்ஸ் கடைக்காரங்க பழைய புஸ்தகப் பெட்டியில இருந்து எடுத்து மாட்டினப்புறம் தான் உலகம் பூரா மக்ல ஏறுச்சு. வாய்ப் பேச்சுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

பேக்ல சேத்திருக்க வேண்டியது வேற. 1940 ஜூலையில பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் 'சைலண்ட் காலம்', அதாவது வாயைத் திறக்காத அணின்னு ஒரு பிரசாரம் நடத்துச்சு, அதுல மிஸ் லீக்கி மவுத், மிஸ் டீகப் விஸ்பர், மிஸ்டர் நோ-ஆல், மிஸ்டர் க்ளம்பாட்னு ஆளுங்களுக்குப் பேர் வச்சு, இவங்களை எல்லாம் பேச விடாதீங்கன்னு விளம்பரம். எப்பவும் அழுமூஞ்சியா தோத்துடுவோம் தோத்துடுவோம்னு சொல்றவன் தான் க்ளம்பாட், நம்ம அபார்ட்மெண்ட் வாட்சப் குரூப்ல அவசியம் ஒருத்தர் இருப்பார். ஆனா இதுக்கு ஜனங்க கடுப்பாயிட்டாங்க, சும்மா புலம்பினதுக்கெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் போட ஆரம்பிச்சா யாருக்குத் தான் கோபம் வராது, கடைசியில சர்ச்சிலே அதை சத்தம் இல்லாம ஊத்தி மூட வேண்டியதாப் போச்சு. இந்தக் கேரக்டருங்களை வச்சு யாராவது மக் போட்டா முதல் ஆர்டர் என்னோடது.

மக்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த மக் பாத்திரம் கழுவற மெஷின்ல போட்ட கொஞ்ச நாள்லயே கப்பல் நிஜமாவே காணாம போச்சு, வெறும் நெருப்பும் பாதி எழுத்தும் தான் மிச்சம். கையால கழுவணும்னு அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்காம், அந்த ஸ்டிக்கரைப் பிரிச்சுப் போட்டுட்டுத் தானே எல்லாரும் காபி குடிப்பாங்க. தகர போர்டு இன்னும் மோசம், ஓரம் மழுங்காம பிளேடு மாதிரி இருக்கு, குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு ஆகவே ஆகாது, பழசு மாதிரி தெரியணும்னு துருப் பிடிச்ச டிசைனை மேல பிரிண்ட் பண்ணியிருக்காங்க, ஒரிஜினலே பேப்பர் போஸ்டர், பேப்பர் எங்கிருந்து துருப் பிடிக்கும்?

பேப்பர் போஸ்டரை ஃபிரேம் போட்டு ஆபீஸ் பேண்ட்ரியில காபி மெஷினுக்கு மேல மாட்ட ஏற்பாடு பண்ணேன், மேனேஜர் கிட்ட கேட்டுட்டுத் தான். முதல் நாளே நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் வந்து "என்னண்ணே, என்னைத் தானே சொல்றீங்க?"ன்னான். "நீ என்னடா உளறின?"ன்னு கேட்டதும் உளறாதது வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டான், யாரு பேப்பர் போட்டிருக்கா, யாருக்கு வேற இடத்துல ஆஃபர் வந்திருக்குன்னு ஒண்ணு விடல. அந்த வகையில போஸ்டர் வேலை செய்யல, எதிர்ப்பக்கமா வேலை செய்யுது.

இப்ப அந்த ஓசி வழி. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தோட கேட்டலாக்ல இந்த போஸ்டர் ஸ்கேன் இருக்கு, காசு இல்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம், 'மைட்' இருக்கும், சீகிராம் வரி இருக்கும், எஸ்ஸார்ஜீ கையெழுத்து முழுசா இருக்கும். கிடைக்கறதுலயே பெரிய சைஸ் ஃபைலா பாத்து எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற பிரிண்ட் கடையில கொடுத்தீங்கன்னா முடிஞ்சுது. நான் கொடுத்து எடுத்தது வாங்கினதுல பாதி விலை கூட ஆகல, புகையில அந்தப் பட்டை பட்டையும் இல்ல. கடைக்காரன்கிட்ட கலரை ஏத்தாதே, ஸ்கேன்ல இருக்கற மாதிரியே போடுன்னு சொல்லிடுங்க, இல்லன்னா நல்லது பண்றேன்னு நெருப்பை ஆரஞ்சு மிட்டாய் கலருக்குக் கொண்டு வந்துடுவான். ஃபூகாஸ் போஸ்டர் வேணும்னா லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் கடையில போஸ்ட்கார்டு, பிரிண்ட் எல்லாம் விக்கறாங்க, அங்க வாங்கறது உத்தமம்.

வாங்கின பேப்பர் போஸ்டருக்கு 5க்கு ரெண்டரை, அதுலயும் ஒண்ணு ஃபூகாஸுக்காக. மக்குக்கும் தகரத்துக்கும் மார்க் கிடையாது. ரிட்டர்ன் போடலாம்னு பாத்தா, பிரிச்ச போஸ்டரைத் திரும்ப எடுக்க மாட்டாங்களாம், பிரிக்காம எப்படி 'மைட்' இல்லன்னு தெரியும்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.